வீட்டுக் கல்விக்குக் காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கிறவங்க முதல்ல கடையில போய் கட்டுக் கட்டாக ஒர்க்புக் வாங்குவதை நிறுத்துங்க. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் 1 முதல் 12 வரை எல்லா வகுப்புப் புத்தகமும் பிடிஎப்பாக இலவசமாகக் கிடைக்குது, அதையும் முழுசா பிரிண்ட் போட்டால் ஜெராக்ஸ் செலவு கையைக் கடிக்கும், அதனால பாடத்தை போன்லயே படிச்சிட்டு பயிற்சிப் பக்கத்தை மட்டும் இரண்டு பக்கமும் வர்ற மாதிரி எடுங்க.

கணக்குக்கு உழவர் சந்தை போதுமுங்க. ஈரோடோ பொள்ளாச்சியோ, காலையில் விலைப்பலகையைப் பார்த்து தக்காளி, சின்ன வெங்காயம் விலையைப் பிள்ளையே நோட்டில் எழுதட்டும். முக்கால் கிலோ என்ன விலை, 200 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு, போன வாரத்தைவிட எத்தனை சதவீதம் ஏறியிருக்கு என்று வயசுக்குத் தகுந்த மாதிரி கேளுங்க. பையைத் தூக்கவும் ஆளாச்சு! ஒரு மாசம் எழுதினால் அதை வைத்தே வரைபடம் போடலாம்.

அப்புறம், பத்தாவது சான்றிதழை நினைச்சுப் பயப்படுறவங்களுக்கு: பள்ளிக்கூடம் போகாமலே பரீட்சை எழுத வழி செய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) 14 வயது நிறைந்தால் பத்தாவதுக்குப் பதிவு செய்யலாம். அந்தப் பரீட்சைக் கட்டணத்துக்கு மட்டும் இப்பவே கொஞ்சம் எடுத்து வையுங்க.