ஃபில்டரைத் திட்டுவதற்கு முன் ஹூட்டைப் பாருங்கள்

2021-ல் இலங்கையில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோதுதான் நான் மீன் கரைசலுக்கு மாறினேன். மீன் கழிவும் சிவப்புச் சீனியும் சம எடை, மூடி போட்ட வாளியில் ஊற வேண்டும். உரம் திரும்ப வந்த பிறகும் அதை விடவில்லை, குடைமிளகாய் நாற்றுக்கு அவ்வளவு நன்றாகப் பிடித்துவிட்டது. வாடைதான் பிரச்சினை, அதைப் பிடிக்கப் போட்ட கரி ஃபில்டராலும் போகவில்லை. என் நாற்று அறை நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில், வீட்டின் பின்பக்கக் காம்பிரா. அதன் புகைப்போக்கி போன்ற குழாய் திறப்பது பக்கத்து வீட்டு இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்கு நேரே. "என்ன தம்பி, கருவாடு ஊறப் போட்டிருக்கியா?" என்று அந்த அக்கா கேட்காத நாள் இல்லை.

ஜூன், ஜூலையில் மிஸ்ட் இறங்கினால் இங்கே பகலிலேயே லைட் போட வேண்டும். நாற்று வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீண்டுவிடும். அதனால் 400 வாட் சோடியம் விளக்கு ஒன்றை, கண்ணாடி மூடிய ஹூட்டோடு, அதாவது விளக்கைச் சுற்றிய தகரக் கூட்டோடு வாங்கினேன். இந்தக் குளிரில் விளக்கைக் குளிர வைக்க வேண்டுமா என்று மச்சான் சிரித்தார். அறை குளிர்தான், கண்ணாடி அப்படி இல்லை. அதன் கீழே ஒன்றரை அடியில் நாற்றுத் தட்டு இருந்தால் குருத்து கருகும். ஹூட்டின் உள்ளே காற்று ஓடியே ஆக வேண்டும்.

என் வரிசை இது: அறைக்குள் கரி ஃபில்டர், அங்கிருந்து ஆறு அங்குலக் குழாய், பிறகு ஹூட், மறுபடி குழாய், கடைசியில் ஃபேன், பிறகு வெளியே. புது ஃபில்டர் போட்டும் வாடை போகவில்லை. ஃபில்டர் மோசம் என்று நினைத்து இரண்டாவதும் வாங்கினேன். வீண் செலவு. தேங்காய்ச் சிரட்டைக் கரி, அதற்கு ஒரு குறையும் இல்லை.

நான் தேடியது ஹூட்டிலிருந்து வாடை எங்கே வெளியே கசிகிறது என்று. அங்கேதான் தப்பு. ஃபேன் கடைசியில் இருந்து இழுக்கும்போது ஹூட்டுக்குள் அழுத்தம் குறைவு. எந்த இடுக்கிலும் காற்று வெளியே வராது, உள்ளே போகும். அப்படிப் போவது ஃபில்டரைத் தொடாத அறைக்காற்று. அது நேரே ஃபேன் வழியாக அக்காவின் இஸ்தோப்புக்குப் போய்விடுகிறது. ஃபேனை ஹூட்டுக்கு முன்னால் வைத்துத் தள்ளினால் கதை தலைகீழ்: இடுக்கு வழியே சூடான காற்று அறைக்குள்ளேயே திரும்பும். ஃபேனுக்குப் பின்னால் வெளியே ஃபில்டரை மாட்டலாமே என்றால், மாட்டலாம். ஆனால் நாற்றுத் தட்டின் தும்புத் தூள் (தேங்காய் நார்த் தூள்) எல்லாம் கண்ணாடியில் படியும், ஃபில்டர் மழையில் நனையும்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். பிளக்கைக் கழற்றி, பல்பு நன்றாக ஆறியபின், இரவில் போன் டார்ச்சை ஹூட்டுக்குள் வைத்துக் கண்ணாடியைப் பூட்டுங்கள். கண்ணாடிக்குக் கீழே கறுப்புத் துணி. அறை விளக்கை அணைத்தால் மடிப்புகளிலும் ரிவெட் துளைகளிலும் நட்சத்திரம் மாதிரி தெரியும். பென்சிலால் குறியுங்கள். எனக்குப் பதினோரு இடம். பெரியது வயர் நுழையும் துளை, என் சுண்டு விரலே போனது.

சின்னத் துளைகளுக்கு வாகன ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் எஞ்சினுக்குப் போடும் சிவப்பு சிலிகோன் நல்லது, சூடு தாங்கும். புளிக்காடி வாடை அடிக்கும் வகை வேண்டாம், அது தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். தகரத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும், நம்ம ஊரில் காலையில் எல்லாமே ஈரம். குளிரில் மெதுவாகத்தான் இறுகும். நான் இரண்டு நாள் விட்டேன். வயர் துளைக்கு ரப்பர் வளையம் போட்டு, அதைச் சுற்றிச் சிலிகோன். விளக்குக்குக் கரண்டைக் கட்டுப்படுத்திக் கொடுக்கும் பேலஸ்ட் பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே கெப்பாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும்.

கண்ணாடியைச் சிலிகோனால் ஒட்டிவிடாதீர்கள். பல்பு மாற்ற நாளைக்குத் திறக்க வேண்டும். நான் முதலில் ஜன்னலுக்கு ஒட்டும் பஞ்சுப் பட்டியைப் போட்டேன். ஒரு மாதத்தில் அல்வா மாதிரி இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிறகு நுவரெலியாவில் பேக்கரிப் போறணை (பாண் சுடும் அடுப்பு) திருத்துபவரிடம் கதவுக்குப் போடும் சிலிகோன் ரப்பர் பட்டி வாங்கினேன். பழைய போறணைக் கயிறு ஒன்றைச் சும்மா தந்தார், அஸ்பெஸ்டஸாக இருக்கும் என்று வேண்டாமென்றேன். பட்டியின் இரண்டு முனையும் மூலையில் சந்திக்கக் கூடாது. நீளப் பக்கத்தின் நடுவில், சரிவாக வெட்டிச் சேர்த்தால் வாய் பிளக்காது. அப்புறம் பழைய கலண்டர் தாளை நாடாவாகக் கிழித்து, பட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தக் கொக்கி தளர்வு, வளைத்து இறுக்குங்கள்.

குழாயை ஹூட்டின் கழுத்தில் நன்றாக ஏற்றி, ஹோஸ் கிளிப்பால் இறுக்கி, மேலே அலுமினிய ஃபாயில் டேப். துணி டேப் சூட்டில் பசை விட்டுத் தொங்கும். டேப்பைக் கரண்டியின் முதுகால் தேய்த்து ஒட்டினால் சுருக்கம் இருக்காது, சுருக்கம்தான் அடுத்த ஓட்டை.

எல்லாம் முடிந்ததும் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மடிப்பு, கொக்கி, கழுத்து என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக எழுந்தால் சரி. எங்கே சட்டென்று வளைந்து உள்ளே ஓடுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. எனக்குக் கடைசியாக மாட்டியது ஹூட்டின் தொங்கு கம்பி திருகு. அதைப் பற்றி யோசித்தே பார்க்கவில்லை.

ஒன்று மட்டும்: காற்று மிக ஈரமானால் கரிக்கு வாடை பிடிக்கும் சக்தி குறையும். அதனால் மிஸ்ட் அடைத்த நாளில் நான் கரைசல் ஊற்றுவதில்லை, வெயில் கண்ட நாள் பார்த்துத்தான். அப்படிச் செய்தும் வாடை வந்தால் ஊதுபத்தியை மறுபடி எடுப்பேன், மூன்றாவது ஃபில்டர் வாங்க மாட்டேன்.