கிராமப்புற மருத்துவப் பணியோடு கற்பித்தலையும் இணைப்பது எப்படி?

கிராமப்புறத்தில் பணியாற்றும் மருத்துவர் கற்பித்தலிலும் ஈடுபட விரும்பினால், நகரத்துக் கல்லூரிக்குச் சென்று வகுப்பெடுப்பதைவிட, மாணவர்களைத் தம் மருத்துவமனைக்கே வரவழைத்துக்கொள்வது நல்லது. நோயாளிகளை விட்டு விலகாமலேயே ஆசிரியராக இருக்க முடிவது இந்த வழியில்தான். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே மூன்றாம் ஆண்டு மாணவர்களைச் சிற்றூர் மருத்துவர்களிடம் ஒன்பது மாதங்கள் தங்கிப் பயில அனுப்பத் தொடங்கியது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கிய திட்டத்தில் ஓராண்டைக் கிராமப்புறத்தில் கழித்த மாணவர்கள், நகரத்துப் பெருமருத்துவமனையில் பயின்றவர்களுக்குத் தேர்வில் சற்றும் பின்தங்கவில்லை.

எனவே கல்லூரியோடு பேசும்போது வாரக் கணக்கில் அல்லாமல் மாதக் கணக்கில் மாணவரைக் கேளுங்கள். இரண்டு வாரம் தங்கும் மாணவர் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவார். பல மாதங்கள் தங்குபவரோ ஒரு கர்ப்பிணியை முதல் பரிசோதனையிலிருந்து பிரசவம் வரை, பிறகு குழந்தையின் தடுப்பூசி வரை தொடர்ந்து பார்ப்பார். தாம் கணித்த நோய் சரியா என்பதையும் அதே நோயாளி மறுபடி வரும்போது அறிந்துகொள்வார். பெருமருத்துவமனை எளிதில் தர முடியாத பாடம் இது. ஒரே நேரத்தில் எத்தனை மாணவர், அவர்களுடைய தங்குமிடம், மதிப்பீடு செய்பவர், மாணவர் செய்யும் சிகிச்சைக்கான சட்டப் பொறுப்பு, உங்களுக்குரிய ஊதியம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

நோயாளியின் சம்மதத்தை, மாணவர் அருகில் இல்லாதபோது, பெயர் பதியும் இடத்திலேயே கேட்பது முறை; மாணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது எவருக்கும் சங்கடம். எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கும் ஊரில், மருத்துவமனையில் கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பதை முதல் நாளே அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும்.

நேரமே பெரிய சிக்கல். மாணவருக்குத் தனி அறை ஒன்றைக் கொடுத்து, சில நோயாளிகளை அவர் முதலில் பார்க்கட்டும். அந்த இடைவெளியில் நீங்கள் மற்றவர்களைக் கவனிக்கலாம். தொடக்க வாரங்களில் வேலை தாமதமாகும் என்பதால் முன்பதிவுகளைச் சற்றே குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறைக்குள் நுழைந்ததும் விரிவுரை ஆற்றாதீர்கள். நோயாளியை வைத்துக் கற்பிப்பதற்கென 1992இல் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் வெளியிட்ட ஐந்து படிநிலை முறை சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். மூச்சுத்திணறலோடும் கால் வீக்கத்தோடும் வந்த முதியவரைப் பார்த்த மாணவரிடம், “என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். “இதயச் செயலிழப்பு” என்றால், “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்பது அடுத்த கேள்வி. படுத்தால் மூச்சுமுட்டுவதையும் கணுக்காலை அழுத்தினால் குழி விழுவதையும் அவர் சொல்லக்கூடும். கால் வீக்கம் மட்டும் இருந்தால் சிறுநீரகம், கல்லீரல் நோய்களையும் எண்ண வேண்டும் என்ற பொதுவிதியை அப்போது கூறி, படுக்கும் நிலையைக் கேட்டறிந்ததைப் பாராட்டி, கழுத்துச் சிரை (இரத்தக் குழாய்) புடைத்திருக்கிறதா என்று பார்க்கத் தவறியதைச் சுட்டிக்காட்டுங்கள். பிறகு நோயாளியைச் சாய்வாகப் படுக்கவைத்து, அந்தச் சிரையை மாணவரே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். விடையை உடனே சொல்லிவிடும் ஆசையை அடக்குவதுதான் இந்தப் பணியில் ஆகக் கடினமானது என்பது என் உறுதியான கருத்து.

உங்களுக்கே விடை தெரியாத கேள்வி வரும்போது, இருவரும் சேர்ந்து தேடிப் படியுங்கள். வாரம் ஒருமுறையாவது மாணவர் நோயாளியிடம் பேசுவதைக் குறுக்கிடாமல் முழுவதும் கவனித்து, அன்றே கருத்தைக் கூறுங்கள். மாதக் கடைசியில் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தைவிட அது அதிகம் உதவும். ஒரு மாணவர் சென்று அடுத்தவர் வருவதற்குமுன் சில வாரங்கள் இடைவெளி கேட்டுப் பெறுங்கள். மாணவர் முன்னிலையில் பேச விரும்பாமல் வருகையைத் தள்ளிப்போட்ட நோயாளிகள் அப்போதுதான் வருவார்கள்.