வீட்டுப் பிறீசரைப் பேணுவதும் கோளாறு கண்டுபிடிப்பதும்: வன்னி வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

முல்லைத்தீவுக் கரையில் மீன் மலிந்த நாளில் வாங்கிச் சேமிப்பவர்களும், வீட்டிலேயே ஐஸ்பழம் செய்து விற்பவர்களும், கொண்டாட்டத்துக்கு அடித்த ஆட்டிறைச்சியைப் பங்கிட்டு வைப்பவர்களும் இருப்பதால், அலுமாரி போல நிமிர்ந்து நின்று முன்கதவு திறக்கும் பிறீசர் இன்று வன்னியில் பல வீடுகளில் இருக்கிறது. பல கிராமங்களுக்குப் போர் முடிந்த 2009க்குப் பின்னரே மின்கம்பிகள் வந்து சேர்ந்தன என்பதால், இதைப் பேணும் பழக்கம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து எமக்குக் கிடைக்கவில்லை. சிறு கோளாறு என்றாலும் கிளிநொச்சியிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ திருத்துநர் வரவேண்டும்; அவர் வருவதற்குள் உள்ளே இருப்பது பழுதாகிவிடும். ஆனால் 'பிறீசர் பழுது' என்று சொல்லப்படுவதன் காரணம் பெரும்பாலும் மின்னழுத்தம், தூசி, கதவு றப்பர், பனிப்படிவு ஆகிய நான்கில் ஒன்றாகவே இருக்கும். இந்த நான்கையும் வீட்டிலுள்ள எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் பிறீசரை அறிந்துகொள்ளுங்கள்

இரண்டு வகைகள் உள்ளன. முதலாவது, தட்டுகளின் அடியில் அல்லது உட்சுவருக்குள் குளிர்க்குழாய்கள் ஓடுகின்ற வகை. இதில் பனி கண்ணுக்குத் தெரியும்படி படியும், அதை நாமே உருக்கி எடுக்கவேண்டும். இரண்டாவது, குளிர்க்குழாய்கள் பின்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்க, ஒரு விசிறி குளிர்காற்றை உள்ளே சுற்றவிடும் வகை. இதில் ஒரு சிறு சூடேற்றி குறித்த இடைவெளியில் இயங்கித் தானாகவே பனியை உருக்கிவிடும். உட்சுவரில் காற்று வரும் துவாரங்கள் இருந்தால் உங்களுடையது இரண்டாவது வகை. கோளாறு கண்டுபிடிக்கும் வழி இவ்விரண்டுக்கும் வேறுபடுவதால் இதை முதலிலேயே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடுத்து, உட்புறத்திலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் விபரத்தாளைப் பாருங்கள். அதில் காலநிலை வகுப்பு என்று ஆங்கில எழுத்துகளில் குறிக்கப்பட்டிருக்கும். 'என்' (N) என்றிருந்தால் சுற்றுப்புற வெப்பம் 32 பாகை செல்சியஸ் வரையும், 'எஸ்.ரி' (ST) என்றால் 38 வரையும், 'ரி' (T) என்றால் 43 வரையும் அது ஒழுங்காக வேலை செய்யும். தகரக் கூரையின் கீழ் உள்ள குசினியில் ஆவணி மாத நண்பகலில் 32 பாகை எளிதில் தாண்டிவிடும் என்பதால், புதிதாக வாங்குபவர்கள் 'ரி' வகுப்பையே கேட்டு வாங்குங்கள். அதே தாளில், 24 மணி நேரத்தில் எத்தனை கிலோ புதிய உணவை உறையவைக்கலாம் என்ற அளவும் இருக்கும். அதற்கு மேல் ஒரே நாளில் திணித்தால், ஏற்கெனவே உறைந்திருப்பதும் இளகத் தொடங்கும்.

வைக்கும் இடமும் மின்னிணைப்பும்

உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தை வெளியே விடுவதுதான் இந்தப் பொறியின் வேலை. ஆகவே பின்புறத்தில் சுமார் 10 சென்ரிமீற்றரும் பக்கங்களில் நான்கு விரல் அளவும் இடைவெளி விடுங்கள். அடுப்புக்கு அருகிலும் மேற்கு வெயில் விழும் யன்னலுக்கு நேரேயும் வைக்காதீர்கள். பக்கச் சுவர்கள் தொட்டால் சூடாக இருப்பது பல மாதிரிகளில் இயல்பானது, வெப்பம் வெளியேறும் குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன. முன்கால்களைச் சற்று உயர்த்தி, பெட்டி மிகச் சிறிதளவு பின்னால் சாயும்படி வைத்தால், பாதி திறந்த கதவு தானாக மூடிக்கொள்ளும். லாண்ட் மாஸ்ரரில் படுக்கவைத்து ஏற்றிவந்திருந்தால், குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரின் எண்ணெய் குழாய்களிலிருந்து திரும்பி வடிவதற்காக, நிமிர்த்திவைத்து ஒருநாள் விட்டபின் மின்னைக் கொடுங்கள்.

எமது மின்னழுத்தம் 230 வோல்ற் என்பது கணக்கு. ஆனால் மின்மாற்றியிலிருந்து தொலைவில், கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை ஆறு மணிக்குப் பின் அது நன்றாக இறங்கிவிடும். குறைந்த மின்னழுத்தத்தில் கொம்பிரசர் புறப்பட முடியாமல் முனகி, சூடேறி, நாளடைவில் எரிந்துபோகும். எனவே பிறீசருக்கென்று தனி பிளக் பொயின்ற் வைத்து, மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். மின் திரும்பிய பின் சில நிமிடங்கள் தாமதித்தே இணைப்புக் கொடுக்கும் வசதி அதில் இருக்கவேண்டும், ஏனெனில் கொம்பிரசர் நின்றவுடன் அதன் இரு பக்கத்து அழுத்தமும் சமப்படச் சில நிமிடங்கள் தேவை. அதற்குள் மீண்டும் ஓடவிட்டால் அது திணறும். அத்தகைய கருவி இல்லாத வீடுகளில், மின் நின்றவுடன் பிளக்கைக் கழற்றி, மின் வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டுவதைப் பழக்கமாக்குங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்குமுன் பிளக்கைக் கழற்றிவிடுவதும் அவசியம், குறிப்பாக இன்வேற்றர் வகைப் (கொம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும்) பிறீசர்களின் மின்பலகை மின்னலுக்கு எளிதில் பலியாகும். நீட்டிப்பு வயரில் பிறீசரை ஓடவிடவே வேண்டாம்.

வெப்பநிலையும் அடுக்கும் முறையும்

உட்புறம் கழித்தல் 18 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். வெப்பநிலையை மாற்றும் திருகியில் உள்ள 1, 2, 3 என்ற இலக்கங்கள் பாகைகள் ஆகமாட்டா. இலக்கம் கூடக் குளிர் கூடும், அவ்வளவே. ஒரு சிறிய பிறீசர் வெப்பமானியை வாங்கி நடுத்தட்டில் பொதிகளுக்கிடையே ஓரிரவு வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கதவைத் திறந்ததும் குளிர்காற்று கால்பக்கமாக வழிந்து வெளியேறுவதுதான் முன்கதவு திறக்கும் பிறீசரின் பலவீனம். இழுப்பறைகளுக்குப் பெயர் எழுதி ஒட்டி, எது எங்கே என்று தேடாமல் எடுக்கும்படி வையுங்கள். மீனைக் கழுவித் துண்டாக்கி, நீரை வடித்து, ஒரு சமையலுக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பையிலுள்ள காற்றை அழுத்தி வெளியேற்றித் தட்டையாக உறையவையுங்கள். உருண்டையாகக் கட்டிய சொப்பிங் பையின் நடுப்பகுதி உறைய நெடுநேரம் எடுக்கும். சாளை, சூடை போன்ற கொழுப்பு மீன்கள் இரண்டு, மூன்று மாதங்களிலும், விளைமீன் போன்றவை ஆறு மாதங்களிலும் சுவை குன்றத் தொடங்கும் என்பதால், திகதியை எழுதுவது அவசியம். காற்றுத் துவாரங்களை அடைத்துப் பொதிகளை வைக்காதீர்கள்.

தூசியும் கதவு றப்பரும்

சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி வீட்டுக்குள் புகுந்து, பின்புறத்துக் கறுப்புக் கம்பிவலையிலும் கொம்பிரசரைச் சுற்றியும் மெத்தையாகப் படியும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் பொறி நிற்காமலே ஓடும், மின்கட்டணமும் ஏறும். அம்மாதங்களில் மாதம் ஒருமுறையும், மற்றக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பிளக்கைக் கழற்றிவிட்டு, உலர்ந்த மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். அதே நேரத்தில் வயரை எலி கடித்திருக்கிறதா, பல்லியோ எறும்போ கொம்பிரசர் பக்கத்துப் பெட்டிக்குள் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பிவலை வெளியே தெரியாத மாதிரிகளில் பக்கச் சுவர்களைத் துடைத்தாற் போதும்.

கதவு றப்பரைச் சோதிக்க ஒரு காசுத்தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் வெளிக்காற்று உட்புகுகிறது. நான்கு பக்கமும், மூலைகளிலும், இப்படிப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் மீன்நீரும் அழுக்கும் காய்ந்து ஒட்டியிருப்பதே காரணமாக இருக்கும்: இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் மடிப்புகளின் உட்புறம்வரை துடைத்து உலரவிடுங்கள். றப்பர் நெளிந்திருந்தால், சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துவாயை அதன்மீது சில நிமிடம் வைத்து, மென்மையானதும் கையால் நேராக்கிக் கதவை மூடிவிடுங்கள். வெடித்திருந்தால் மாற்றவேண்டியதுதான், மாதிரி இலக்கத்தைக் குறித்துச் சென்று வாங்குங்கள்.

பனியை உருக்கி எடுத்தல்

முதலாம் வகைப் பிறீசரில் பனி அரைச் சென்ரிமீற்றர் தடித்ததும் உருக்கி எடுக்கவேண்டும். பனி ஒரு கம்பளி போலக் குழாயைப் போர்த்திக் குளிரை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது, ஆகையால் 'நிறையப் பனி இருக்கிறது, நன்றாகக் குளிர்கிறது' என்று நினைப்பது தவறு. உணவு குறைவாக இருக்கும் நாளில், காலையில் தொடங்குங்கள். பொதிகளை ரெஜிபோம் பெட்டியில் நெருக்கமாக அடுக்கி மூடுங்கள். பெட்டி இல்லையென்றால் கடதாசியில் சுற்றித் தடித்த போர்வையால் மூடலாம். பிளக்கைக் கழற்றி, கதவை அகலத் திறந்து, அடியில் பழைய துவாய்களைப் பரப்பி, தட்டுகளில் சுடுநீர்ப் பாத்திரங்களை வையுங்கள். நீர் ஆறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். பனி முதலில் விளிம்புகளில் கண்ணாடி போலத் தெளிந்து, பின்னர் குழாயிலிருந்து மெல்லிய 'பொட்' என்ற ஒலியுடன் விடுபடும். அப்போது கையாலோ மர அகப்பையாலோ பெரிய துண்டுகளாக எடுத்துவிடலாம்.

கத்தி, திருப்புளி, கரண்டிக் காம்பு எதையும் பயன்படுத்தவேண்டாம். குளிர்க்குழாய் மெல்லிய அலுமினியம்; ஒரு குத்தில் துளை விழுந்தால் உள்ளிருக்கும் வாயு முழுவதும் போய்விடும், திருத்தும் செலவும் பெரிது. அத்துடன், இப்போது வரும் பல பிறீசர்களில் உள்ள ஆர்-600ஏ என்ற வாயு தீப்பற்றக்கூடியது. 'புஸ்' என்ற சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, மின்சுவிட்ச் எதையும் தொடாமல், யன்னல்களைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.

பனி முழுவதும் போனபின், ஒரு லீற்றர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து உட்புறத்தைத் துடைத்து உலர்த்துங்கள், மீன்வாடை அகலும். பின்னர் வெறுமையாகவே ஓடவிட்டு, நன்கு குளிர்ந்ததும் பொதிகளை அடுக்குங்கள்.

கோளாறு வந்தால் எதை முதலில் பார்ப்பது

முற்றாக ஓடாமல் நின்றால், அதே பிளக் பொயின்ற்றில் வேறொரு விளக்கை மாட்டிப் பாருங்கள். விளக்கும் எரியவில்லையென்றால் கோளாறு வீட்டு இணைப்பில் உள்ளது. எரிந்தால், பிளக்கின் பியூசையும் பாதுகாப்புக் கருவியின் நிலையையும், வெப்பநிலைத் திருகியானது 'நிறுத்து' பக்கம் திரும்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிறீசரை மாட்டியவுடனோ இடையிடையோ றிப் சுவிட்ச் விழுந்தால், எங்கோ மின் கசிகிறது என்று பொருள். தானாகப் பனி உருக்கும் வகையில் சூடேற்றிக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். றிப் சுவிட்சை மீண்டும் மீண்டும் தூக்கிவிடாதீர்கள். பிறீசரின் வெளிப்புறத்தைத் தொடும்போது மின் 'சுரீர்' என்றால் உடனே பிரதான சுவிட்சை நிறுத்தி, புவி இணைப்பை மின் வேலை தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டு, ஒரு முனகலுடன் நின்றுவிடுகிறதென்றால், கொம்பிரசர் புறப்பட முயன்று தோற்கிறது. மின்னழுத்தம் குறைவா என்று பாருங்கள்; இரவு பத்து மணிக்குப் பின் தானாகவே சரியாகிவிட்டால் அதுவே காரணம். மின்னழுத்தம் ஒழுங்காக இருந்தும் தொடர்ந்தால், கொம்பிரசரின் பக்கத்திலுள்ள, அதைப் புறப்படவைக்கும் சிறு பாகமான தொடக்க றிலே பழுதாகியிருக்கலாம். அது விலை குறைந்த உதிரிப்பாகம், ஆகையால் 'கொம்பிரசரே போய்விட்டது' என்று யாராவது சொன்னால், முதலில் றிலேயை மாற்றிப் பார்க்கும்படி கேளுங்கள்.

ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை என்றால்தான் கவனமாகப் பார்க்கவேண்டும். றப்பர், தூசி, அடுக்கிய அளவு ஆகியவற்றைப் பார்த்தபின், முதலாம் வகையில் பனி படியும் கோலத்தைக் கவனியுங்கள். நலமான பிறீசரில் எல்லாத் தட்டுகளிலும் மெல்லிய வெண்பனி ஒரேசீராக இருக்கும். குழாயின் தொடக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெண்மை படிந்து, மற்றவை ஈரமாகவோ உலர்ந்தோ கிடந்தால், வாயு குறைந்திருக்கிறது, அல்லது குழாயில் அடைப்பு உண்டு; இது திருத்துநரின் வேலை. இரண்டாம் வகையில் பின்பலகை முழுவதும் பனி பூத்து, துவாரங்களில் காற்று வருவது நின்றிருந்தால், பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து ஒருநாள் முழுவதும் விடுங்கள். அதன்பின் நன்றாக வேலைசெய்து, ஒன்றிரண்டு வாரங்களில் மீண்டும் அதே நிலைக்கு வந்தால், சூடேற்றி, அதன் நேரங்காட்டி, உணரி ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் செயலிழந்திருக்கும். அடித்தட்டில் பனிக்கட்டி திரண்டு தரையில் நீர் ஒழுகினால் வடிகால் துவாரம் அடைபட்டிருக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சால் இளஞ்சூட்டு நீரைச் செலுத்தித் திறந்துவிடலாம்.

மின்வெட்டின்போதும் திரும்பியபின்னும்

2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கதவைத் திறக்காவிட்டால், நிறைந்த பிறீசர் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் உணவைக் காக்கும். எமது வெயிலில் இதைவிடக் குறைவாகவே கணக்கிடுங்கள். வெற்றிடங்களில் நீர் நிரப்பிய பிளாஸ்ரிக் போத்தல்களை, கழுத்துப் பகுதியில் இடம் விட்டு, உறையவைத்தால் தாங்கும் நேரம் கூடும். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா தேவாலயத்தில் சில நாள் தங்கப் போகின்றவர்கள், ஒரு கோப்பை நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது, அந்த மீனையும் இறைச்சியையும் எறிந்துவிடுங்கள். மின்வெட்டு முடிந்து திறக்கும்போது பனிப்பளிங்கு இன்னும் தெரியும் பொதிகளை மீண்டும் உறையவைக்கலாம். முழுவதும் இளகியும் குளிர் மாறாமல் இருப்பவற்றை உடனே சமைத்துவிடுங்கள். வெதுவெதுப்பானதை மணத்தை வைத்து மதிப்பிட வேண்டாம், நஞ்சான மீன் நல்ல மணத்தோடும் இருக்கும்.

திருத்துநரை அழைக்கும்போது

மாதிரி இலக்கம், வாயுவின் பெயர், கோளாறு தொடங்கிய நேரம், அப்போதைய மின்னழுத்தம், பனி படிந்த கோலம் ஆகியவற்றைத் தொலைபேசியிலேயே சொல்லுங்கள்; பனிக் கோலத்தைப் படமெடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது, தேவையான பாகத்தோடு அவர் ஒரே தடவையில் வந்துவிடலாம். வாயு நிரப்பவேண்டும் என்றால், கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைத்த பின்னரே நிரப்பும்படியும், வடிகட்டியை மாற்றி, குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பியால் அகற்றும்படியும் கேளுங்கள். கசிவை விட்டுவிட்டு நிரப்பிய வாயு, சில வாரங்களிலோ மாதங்களிலோ வந்த வழியே போய்விடும்.