ஒயின் ருசி பார்க்கப் போகிறீர்களா? முதல் தடவை போகிறவர்களுக்கு

ஒயின் ஆலையில் இருக்கும் டேஸ்டிங் ரூம் ஒரு பார் அல்ல. அங்கே ஊற்றித் தருவது ருசி பார்க்க, எது நமக்குப் பிடிக்கிறது என்று கண்டுகொள்ள. இது மனதில் இருந்தால் மற்ற மரியாதைகளில் பாதி தானாக வந்துவிடும்.

படி 1: கிளம்பும் முன்

போன் செய்து கேளுங்கள்: முன்பதிவு வேண்டுமா, கட்டணம் எவ்வளவு, பாட்டில் வாங்கினால் அதைக் கழிப்பார்களா, குழந்தைகளை விடுவார்களா. ஆறேழு பேராகப் போனால் சொல்லாமல் போகவே கூடாது. வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வண்டி ஓட்டப்போவது யார் என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அவர் அன்று குடிக்க வேண்டாம்.

படி 2: சென்ட் வேண்டாம்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான் என்பேன். இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சிலவற்றைத்தான் நாக்கு சொல்லும். பழவாசனை, மிளகு, ஓக் பீப்பாயின் மணம் எல்லாம் மூக்கின் வேலை. நீங்கள் பூசிய சென்ட் உங்கள் கிளாஸை மட்டும் கெடுப்பதில்லை, பக்கத்தில் நிற்பவருடையதையும் சேர்த்துக் கெடுக்கிறது. ஆஃப்டர் ஷேவ், வாசனை கிரீம், சிகரெட் நெடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். புதினா மிட்டாய், காபி இரண்டும் உங்கள் நாக்கை மட்டும்தான் மழுங்கடிக்கும். இருந்தாலும் தவிர்ப்பது நல்லது.

படி 3: கிளாஸைப் பிடிப்பது

காம்பைப் பிடியுங்கள். கிண்ணப் பகுதியைப் பிடித்தால் கைச்சூட்டில் ஒயின் வெதுவெதுப்பாகிவிடும். பழக்கம் வரும்வரை கிளாஸை மேசைமேல் வைத்தபடியே மெல்லச் சுழற்றுங்கள், சிந்தாது. அப்புறம் முகர்ந்து பார்த்து, ஒரு சின்ன வாய் எடுத்து வாய்க்குள் உருட்டுங்கள்.

பெரும்பாலும் மெல்லிய வெள்ளையில் தொடங்கி, அடர்ந்த சிவப்புக்குப் போய், இனிப்பில் முடிப்பார்கள். வரிசையை மாற்றச் சொல்லாதீர்கள். இனிப்பை முதலில் குடித்தால் அடுத்தது வெறும் புளிப்பாகத் தெரியும்.

படி 4: துப்பலாம், தப்பில்லை

புதியவர்கள் கூச்சப்படுவது இங்கேதான். ஒரு வகைக்கு 50 மி.லி. என்று வைத்தாலும், ஐந்து வகைக்கு 250 மி.லி. ஆகிறது. அது 750 மி.லி. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. முழுவதும் விழுங்கினால் கடைசி இரண்டின் ருசி பிடிபடாது. மேசைமேல் இருக்கும் வாளி அதற்காகத்தான். அதைக் கிட்டே இழுத்து, குனிந்து, உதட்டைக் குவித்து ஒரே வீச்சில் துப்புங்கள். கிளாஸில் மிஞ்சியதையும் அதிலேயே ஊற்றலாம். ஒயினையே தொழிலாகக் கொண்டவர்களும் ருசி பார்க்கும்போது பெரும்பாலும் துப்புகிறவர்கள்தான். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

படி 5: பேச்சு

பிடிக்கவில்லையா? "இது எனக்குச் சரிவரவில்லை, புளிப்புக் குறைவாக ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். "நன்றாகவே இல்லை" என்று உரக்கச் சொன்னால், அதை ரசித்துக்கொண்டிருக்கும் பக்கத்து ஆளுக்குச் சங்கடம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் மட்டும் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். அது பெரும்பாலும் கார்க்கினால் வந்த கோளாறு. வேறு பாட்டில் திறப்பார்கள்.

கூட்டமாக இருந்தால் ருசி பார்த்ததும் கவுண்டரை விட்டுச் சற்று நகர்ந்து அடுத்தவருக்கு இடம் கொடுங்கள்.

படி 6: வாங்குவது

கட்டாயம் இல்லை. வாங்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், "இதை இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேட்கலாம். சும்மா இன்னொரு கிளாஸ் வேண்டும் என்பதற்காக அப்படிக் கேட்காதீர்கள். இலவசமாக ஊற்றித் தந்து, நேரம் எடுத்து விளக்கியும் சொல்லியிருந்தால், ஒரு பாட்டிலாவது வாங்குவதுதான் முறை.