சங்கிலி அழைப்பில் அறுந்த கண்ணி: என் அனுபவம்

பில் அச்சிடும் ஜாவா நிரல் ஒன்றில், ஆர்டருக்குள் வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி, அதற்குள் ஊர் என்று ஆப்ஜெக்ட்டுகளை (தரவையும் அதற்கான செயல்களையும் சேர்த்து வைக்கும் அலகுகள்) அடுக்கி, ஒரே வரியில் மூன்று மெத்தடுகளை (ஆப்ஜெக்ட்டின் செயல்கள்) சங்கிலிபோலத் தொடர்ச்சியாக அழைத்திருந்தார்கள். கடைக்கு நேரில் வருவோரின் பில்லில் மட்டும் அந்த வரி நல் பாயிண்டர் எக்ஸெப்ஷனுடன், அதாவது ஆப்ஜெக்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாத நிலை (நல், null) இருந்தால் எழும் பிழையுடன், நின்றுவிடும்; எது நல் என்பதைச் சொல்லாமல் ஜாவா 11 வரி எண்ணை மட்டுமே காட்டியது.

சோதனைக் கணினியில் ஜாவா 17-ஐ நிறுவி அதே பில்லை ஓட்டியதும், முகவரியைத் தரும் மெத்தடே நல்லைத் திருப்பியது என்று பிழைச்செய்தி பெயர் சொல்லிக் காட்டிவிட்டது. (2020-இல் ஜாவா 14-உடன் வந்த இவ்வசதி, 15 முதல் தானாகவே இயங்குகிறது.)

படிக்குப் படி நல் சோதனை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பில் வகுப்புக்கு (class, ஆப்ஜெக்ட்டின் வரையறை) முகவரியின் உள்ளமைப்பு தெரிந்திருக்க வேண்டிய நிலை அதனால் மாறாது. எனவே ஆர்டர் வகுப்பிலேயே ஊரைத் தரும் மெத்தட் ஒன்றை எழுதினேன். அது வாடிக்கையாளரிடம் கேட்கும், வாடிக்கையாளர் ஆப்ஷனலாக (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று காட்டும் ஜாவாவின் உறை) விடை தருவார், விடை வெறுமையாயின் ஆர்டர் தன் கடையின் ஊரைத் தரும். பில் வகுப்பில் இப்போது ஓர் அழைப்பு மட்டுமே உள்ளது. உரையைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் ஸ்ட்ரிங்பில்டரின் அப்பெண்ட் சங்கிலிகளை நான் தொடவில்லை. அவை ஒவ்வொரு முறையும் அதே ஆப்ஜெக்ட்டையே திருப்பித் தருபவை; வேறொன்றின் உள்ளமைப்புக்குள் நுழைபவை அல்ல.