கடைசி ரயிலை முதலில் பாருங்கள்: நிபோங் திபாலிலிருந்து பினாங்குக் கடலோர விழாக்களுக்கு

ஊரில் திருவிழா என்றால் பஸ் கூடும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பேருந்து விடுவார்கள், கூட்டம் கலையும்வரை ஷேர் ஆட்டோ ஓடும், ஒன்றும் இல்லாவிட்டால் லாரியாவது நிற்கும். அந்த நினைப்போடு மலேசியாவில் நிபோங் திபாலிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கிளம்புகிறவர்கள்தான் ஒவ்வொரு டிசம்பர் 31-ம் தேதியும் நடுராத்திரிக்கு மேல் போன் போடுகிறார்கள்: "அண்ணே, ரயில் இல்லையாம், என்ன செய்யறது?" அந்த நேரத்தில் செய்வதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் மத்தியானமே செய்திருக்க வேண்டும்.

ஜாவி, சுங்கை பாக்காப், பத்து காவான் பக்கம் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சாப்பாட்டுக் கடையிலும் வேலைக்கு வந்து, இன்னும் தீவுக்கு ஒழுங்காகப் போய் வராத தம்பிமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும் இது.

போகும் வழி சுலபம், வேகமாகச் சொல்லிவிடலாம். நிபோங் திபால் ரயில் நிலையத்தில் பட்டர்வொர்த் போகும் கொமுட்டர் (உள்ளூர் ரயில்). சிம்பாங் அம்பாட், புக்கிட் மெர்தாஜாம், புக்கிட் தெங்கா, அப்புறம் பட்டர்வொர்த். டிக்கெட் கவுண்டரிலும் வாங்கலாம், கேடிஎம் (மலேசிய ரயில் நிறுவனம்) செயலியிலும் வாங்கலாம். அதே தண்டவாளத்தில் ஈடிஎஸ் என்று ஒரு வேக ரயிலும் வரும். அது இருக்கை முன்பதிவு செய்து ஏறுவது, கொமுட்டர் டிக்கெட் அதில் செல்லாது. பாடாங் பெசார் என்று பலகை போட்ட ஈடிஎஸ் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கெடா பக்கம் திரும்பிவிடும், பட்டர்வொர்த்துக்கு வரவே வராது. கண்ணை மூடிக்கொண்டு ஏறினால் அலோர் ஸ்டாரில் இறங்குவீர்கள்.

பட்டர்வொர்த்தில் இறங்கினால் பினாங்கு சென்ட்ரல் கட்டடம் வழியாகக் கூரை போட்ட நடைபாதையில் ஃபெரி துறை. பெரியவர்களுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). கடலைக் கடக்க பத்து, பதினைந்து நிமிடம். பழைய படங்களில் பார்த்த, கார் ஏற்றும் மஞ்சள் ஃபெரி இப்போது இல்லை. 2023-லிருந்து புதிய படகுகள் ஓடுகின்றன, அவற்றில் ஆள், மோட்டார் சைக்கிள், சைக்கிள் மட்டும்தான். வாசலில் ரொக்கத்தை நம்பாதீர்கள். டச் அண்ட் கோ அட்டையோ வங்கி அட்டையோ தயாராக இருக்கட்டும். ஒரு அட்டையை வைத்து நாலு பேர் தட்டலாம் என்று நினைக்க வேண்டாம், ஆளுக்கு ஒன்று. அட்டையில் காசு போடும் வேலையைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே, டவுன் கடையில், முந்தின நாளே முடித்துவிடுங்கள். விழா நாளில் துறையில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் ரேஷன் கடை எவ்வளவோ மேல் என்று தோன்றும்.

அக்கரையில் இறங்கினால் ஜெட்டி பஸ் நிலையம் பக்கத்திலேயே. ரேபிட் பினாங்கு பஸ்ஸில் கட்டணம் 1.40 வெள்ளியிலிருந்து, தூரத்தைப் பொறுத்து ஏறும். நடத்துநர் கிடையாது. உண்டியலில் காசு போட்டால் போட்டதுதான், மீதி வராது. பத்து வெள்ளி நோட்டைப் போட்டுவிட்டு ஓட்டுநர் முகத்தைப் பார்த்து நிற்காதீர்கள். ஒரு வெள்ளி நோட்டு ஐந்தாறும் கொஞ்சம் சில்லறையும் தனியாகப் பையில் இருக்கட்டும்.

இவ்வளவும் போவதற்கு. இதில் யாரும் மாட்டுவதில்லை. மாட்டுவது திரும்பும்போது.

காரணம் இதுதான். நீங்கள் ஒரே பயணம் என்று நினைப்பது இங்கே மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் வேலை. ரயில் கேடிஎம். ஃபெரியை நடத்துவது பினாங்குத் துறைமுக நிறுவனம். பஸ் ரேபிட். விழா நாளில் ஃபெரியைக் கூடுதல் நேரம் ஓட்டுவதாக அறிவிப்பு வந்தால் அது ஃபெரிக்கு மட்டும். "இன்னிக்கு ராத்திரி பூரா ஃபெரி இருக்காம்" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி உண்மையாகவே இருக்கலாம். அதை நம்பி வாணவேடிக்கை பார்த்து, படகில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கினால் ரயில் நிலையம் இருட்டிக் கிடக்கும். சாதாரண அட்டவணையில் நிபோங் திபால் பக்கம் வரும் கடைசி கொமுட்டர் நள்ளிரவுக்கு வெகு முன்பே கிளம்பிவிடும். ரயிலையும் நீட்டித்திருந்தால் கேடிஎம் தனியாக அறிவிக்கும். அந்த அறிவிப்பைக் கண்ணால் பார்க்காதவரை ரயில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போதும் எந்தத் தடம் என்று பாருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் பக்கம் போகும் தடம் வேறு, பாரிட் புந்தார், தைப்பிங் பக்கம் போகும் நம் தடம் வேறு. கோலாலம்பூரில் விடிய விடிய ரயில் ஓடும் என்ற செய்திக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை, அது கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு.

அதனால் கணக்கை வீட்டிலிருந்து ஆரம்பிக்காமல் கடைசி ரயிலிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பட்டர்வொர்த்தில் ரயில் கிளம்பும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். துறையிலிருந்து நடைமேடைக்கு வர, கூட்டத்தோடு, கால் மணி. படகுப் பயணம் கால் மணி. அக்கரையில் வரிசை: சாதாரண நாளில் அடுத்த படகிலேயே இடம் கிடைக்கும், விழா நாளில் ஒன்று, இரண்டு படகுகளைத் தவற விடுவோம் என்று வைத்து முக்கால் மணி. விழா இடத்திலிருந்து ஜெட்டிக்கு நடை: பாடாங் கோத்தா லாமா திடலிலிருந்து சும்மா நடந்தால் கால் மணி, கூட்டத்தில் அரை மணி. கூட்டிப் பாருங்கள், ஒன்றே முக்கால் மணி. ரயில் பத்து மணிக்கு என்றால் எட்டேகாலுக்குத் திடலை விட்டுக் கிளம்ப வேண்டும். பன்னிரண்டு மணி வாணவேடிக்கைக்கு எட்டேகாலுக்கு விடைபெறுவதா என்றால், ஆமாம், அதுதான் கணக்கு. பிடிக்கவில்லை என்றால் திரும்ப வேறு வழியை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அந்த வேறு வழி என்று எல்லோரும் நினைப்பது கிராப், போன் செயலியில் கூப்பிடும் வாடகைக் கார். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாலத்தில் டோல் தீவுக்குப் போகும் திசையில் மட்டும்தான். தீவிலிருந்து உங்களை ஏற்றிக்கொண்டு வருகிற ஓட்டுநர் நிபோங் திபாலில் இறக்கிவிட்டு வெறும் காரோடு திரும்பிப் போய், அங்கே டோலும் கட்ட வேண்டும். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு அப்படித் திரும்புவதை விட, தீவுக்குள்ளேயே நாலு சவாரி அடித்தால் அவருக்கு லாபம். அதனால்தான் நள்ளிரவில் திரை சுற்றிக்கொண்டே இருக்கும், விலை ஏறிக்கொண்டே போகும், ஏற்றுக்கொண்டவரும் ரத்து செய்வார். அவரைத் திட்டிப் பயனில்லை, உங்களுக்கும் அந்தக் கணக்குதான் தோன்றும். ஃபெரி ஓடுகிறதென்றால் முதலில் அதில் ஏறிப் பட்டர்வொர்த் வந்துவிட்டு அங்கிருந்து கார் தேடுங்கள். அங்கே பெருநிலத்து ஓட்டுநர்கள் இருப்பார்கள், பாலமும் இல்லை, டோலும் இல்லை.

இதைவிட நல்லது வேன். ஆறு, ஏழு பேர் சேர்ந்து டவுனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன்காரர் ஒருவரிடம் போகவும் வரவும் ஒரே விலை பேசுங்கள். காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் காசா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். ஏறும் இடத்தைக் கடற்கரையில் வைக்காதீர்கள். பாடாங் கோத்தாவைச் சுற்றியும் பெங்காலான் வெல்ட் சாலையிலும் விழா ராத்திரியில் சாலை மூடுவார்கள், வேன் உள்ளே வர முடியாது. கொம்தார் கோபுரத்தின் பக்கம் ஒரு குறிப்பிட்ட கடை வாசலைச் சொல்லுங்கள். கோபுரம் எங்கிருந்தும் தெரியும், வழி கேட்க வேண்டியதில்லை. போனில் சார்ஜ் தீர்ந்தாலும் ஆள் அங்கே நிற்பார்.

சாலை மூடுவதால் பஸ்ஸுக்கும் ஒரு விளைவு உண்டு. ஜெட்டி என்று பலகை போட்ட பஸ் ஜெட்டிவரை போகாமல் கொம்தாரோடு திரும்பிவிடலாம். வரைபடச் செயலி அதைக் காட்டாது, அது அட்டவணையைத்தான் காட்டும். சாலையில் 'லெஞ்சோங்கான்' என்று பலகை பார்த்தால் மாற்றுப்பாதை. 'தூத்துப்' என்றால் மூடியாயிற்று. 'தெராக்கிர்' என்றால் கடைசி: ஃபெரி தெராக்கிர், தெரேன் தெராக்கிர். 'தன்பா துனாய்' என்றால் ரொக்கம் வாங்க மாட்டோம். மலாய் வேறெதுவும் தெரியாவிட்டாலும் இந்த நாலு வார்த்தை போதும். ஏறும்போதே ஓட்டுநரிடம் "சம்பாய் ஜெட்டி?" என்று கேட்டுவிடுங்கள். தலையாட்டினால் உட்காருங்கள்.

எந்தெந்த நாள் கவனம் வேண்டும்? டிசம்பர் 31 தெரிந்ததே. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் ராத்திரி பலருக்குத் தெரியாது. ஜெட்டிக்குப் பக்கத்திலேயே சியூ குலத்தாரின் மரக்கால் வீட்டுக் குடியிருப்பு இருக்கிறது. அன்றைக்கு நள்ளிரவில் ஹொக்கியன் சீனர்கள் வானத்துக் கடவுளுக்குப் படையல் போடுவார்கள், பெங்காலான் வெல்ட் முழுக்கக் கூட்டம், புகை, பட்டாசு. அந்தப் படையலில் கரும்பு கட்டாயம். அவர்கள் முன்னோர் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து உயிர் பிழைத்ததாகக் கதை. நிபோங் திபாலைச் சுற்றி இன்று செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கும் நிலங்களில் ஒரு காலத்தில் கரும்புதான். கலிடோனியா தோட்டம் உட்பட. நம்மவர்களைக் கப்பலேற்றிக் கொண்டு வந்ததும் அந்தக் கரும்பை வெட்டத்தான். அவர்களுக்குக் கரும்பு காப்பாற்றிய சாமி, நமக்கு முதுகொடித்த பயிர். போய்ப் பார்க்க வேண்டிய ராத்திரிதான். ஆனால் ஃபெரிக்கு வரும் சாலையே விழா மேடை ஆகிவிடும் என்பதால் மேலே சொன்ன முக்கால் மணி வரிசையை ஒரு மணியாக்கிக்கொள்ளுங்கள்.

மாசி மகத்துக்கு தெலுக் பாஹாங். சிங்கமுகக் காளியம்மன் கோயிலில் இருந்து கடலில் தெப்பம் விடுவதைப் பார்க்க நம்மவர்கள் பெருநிலம் முழுவதிலிருந்தும் போவார்கள். ஜெட்டியிலிருந்து 101-ம் எண் பஸ், கொம்தார், தஞ்சோங் புங்கா, பத்து பிரிங்கி வழியாக. கடைசிப் பகுதி மலையை ஒட்டிய குறுகல் சாலை. ஒரு கார் பழுதானால் பின்னால் எல்லாமே நிற்கும். சாதாரணமாக ஒரு மணி எடுக்கும் பயணம் அன்றைக்கு எவ்வளவு எடுக்கும் என்று கணக்குப் போட முடியாது. திரும்பும்போது நடந்து போய் நடுவழி நிறுத்தத்தில் ஏறலாம் என்ற யோசனை வேண்டாம், பத்து பிரிங்கியில் நிற்பவர்களை நிரம்பிய பஸ் கையாட்டிவிட்டுப் போகும். தெலுக் பாஹாங்கில் பஸ் கிளம்பும் இடத்திலேயே ஏறுங்கள், தெப்பம் கடலில் இறங்கியதும் கிளம்புங்கள். அர்ச்சனை, அன்னதானம் எல்லாம் அதற்கு முன்பே முடியட்டும். அன்றைக்கு கொமுட்டரைப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டு வேனிலேயே போவது நல்லது. சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம்.

பாலத்தில் மாரத்தான் ஓடும் ராத்திரியும் ஒன்று உண்டு. அன்றைக்குப் பாலத்தை மணிக்கணக்கில் மூடுவார்கள். வேன் பேசியிருந்தால் பத்து காவானில் ஏறும் இரண்டாம் பாலம் திறந்திருக்கிறதா என்று வேன்காரரிடம் கேளுங்கள். 24 கிலோமீட்டர், சுற்றுதான், ஆனால் இறங்கும் இடம் நம் வீட்டுப் பக்கம்.

கடப்பிதழ் விஷயம். ராத்திரி விழாக்களில் போலீஸ் சோதனை இருக்கும். கையில் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருக்க வேண்டும், போனில் படம் எடுத்து வைத்திருப்பதை நம்பாதீர்கள். "முதலாளி வாங்கி வச்சிருக்கார்" என்று பலர் சொல்கிறார்கள். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது இந்த நாட்டில் 1966-ம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். வாங்கி வைத்தவருக்கும் அது தெரியும். விழாவுக்குப் போகும் அன்றைக்காவது கேட்டு வாங்குங்கள், திருப்பிக் கொடுப்பதற்கு அவசரம் இல்லை.

வாணவேடிக்கை மட்டும்தான் வேண்டும் என்றால் கடலைக் கடக்கவே வேண்டாம். பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் பாகான் அஜாம் பந்தாய் பெர்சே கடற்கரையில் தீவு எதிரே நிற்கும். நடுவில் நீரிணை மட்டும். சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். கூட்டமும் குறைவு, பொரித்த மீனும் கிடைக்கும், வேனும் மணலோரம்வரை வரும்.

எல்லாம் தப்பிப் போய் பட்டர்வொர்த்தில் மாட்டிக்கொண்டால் அலைய வேண்டாம். வெளிச்சம் இருக்கும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக், அதாவது ஆற்றிய டீ, ஒன்று சொல்லி உட்காருங்கள், விடிகாலையின் முதல் கொமுட்டர்வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். கிளம்பும் முன் தோட்டத்து ஜாகாவிடம் (காவலாளியிடம்) பேரைச் சொல்லி வைத்திருந்தால் விடிகாலையில் கேட்டைத் திறக்கச் சண்டை போட வேண்டியிராது. ஸ்டேஷனிலிருந்து தோட்டம்வரை அந்த நேரத்தில் பஸ் கிடையாது, அந்தக் கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு யார் மோட்டாரோடு வருவார் என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.