சுக்ரோஸ் பெனடிக்ட் சோதனையில் சிவக்காதபோது நான் செய்தது

சுக்ரோஸை (நாம் சாப்பிடும் சர்க்கரை) நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு கொதிக்க வைத்து, பெனடிக்ட் கரைசல் (குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகள் இருந்தால் நிறம் மாறும் நீலக் கரைசல்; சுக்ரோஸுக்கு மாறாது) சேர்த்துச் சூடாக்கினால் செங்கல் நிறம் வரவேண்டும். எங்கள் மேசையில் நீலமாகவே நின்றது. சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெனடிக்ட் காரத்தில்தான் வேலை செய்யும், குழாயில் மிச்சமிருக்கும் அமிலம் அதிலுள்ள சோடியம் கார்பனேட்டைத் தின்றுவிடும். எங்களுக்குத் தந்த செய்முறைத் தாளில் நடுநிலையாக்கும் படியே இல்லை.

புதிதாக ஒரு குழாயில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, சோடியம் பைகார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன், நுரை பொங்குவது நிற்கும்வரை (மொத்தமாகக் கொட்டினால் வழிந்துவிடும்). அப்புறம் பெனடிக்ட், கொதிநீரில் 5 நிமிடம். பச்சை, மஞ்சள், பிறகு நல்ல செங்கல் சிவப்பு! பக்கத்தில் அமிலம் சேர்க்காத சுக்ரோஸ் குழாய் ஒன்றையும் கட்டாயம் வையுங்கள், அது நீலமாக இருந்தால்தான் இந்தச் சிவப்புக்கு அர்த்தம்.